அசையாதது வேற, வலிக்காதது வேற

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். இந்தப் பக்கம் வந்தே ரெண்டு மாசம் ஆச்சு. இன்னிக்கு எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் ஒரு பாட்டி கேட்ட கேள்வி.

கல்லூரி நண்பன் ஒருத்தன். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெரிய குழந்தை, நாலு கிலோவுக்கு மேல. தலை வெளியே வந்துடுச்சு, தோள் மாட்டிக்கிச்சு. எப்படியோ எடுத்துட்டாங்க. உயிருக்கு ஒண்ணும் இல்லை. ஆனா வலது கை மட்டும் துணி பொம்மையோட கை மாதிரி தொங்கிட்டே இருந்தது. "பெரும்பாலும் தானா சரியாயிடும், பொறுத்துப் பார்ப்போம்"னு சொன்னாங்க. மூணு மாசம் தாண்டியும் முழங்கை மடங்கலை. அடுத்து எம்ஆர்ஐ ஸ்கேன், அதுக்கப்புறம் நரம்பு ஆபரேஷன். ரெண்டுக்கும் மயக்க மருந்து குடுக்கணும்.

"பச்சப் புள்ளைக்கு மயக்க மருந்தா? அதுவும் ரெண்டு தடவையா?" பாட்டி ஒரே பிடி. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே இன்னொண்ணும் கேட்டாங்களாம். "சரி, குடுத்தா அதுக்கு வலிக்காதுல்ல?"

நண்பன் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் பண்ணினான். "நீதான் எதையாவது தோண்டிப் படிச்சுக்கிட்டே இருப்பியே மாப்ள, இதப் பத்தி என்ன தெரியும்?" ஒண்ணும் தெரியாது என்பதுதான் உண்மை. அப்புறம் படிச்சேன். பாட்டியோட அந்த ரெண்டாவது கேள்விக்குப் பின்னால இவ்வளவு பெரிய கதை, அதுவும் இவ்வளவு சமீபத்திய கதை இருக்கும்னு நான் நினைக்கவே இல்லை.

தொங்கும் கை

கழுத்துத் தண்டிலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் கிளம்பி, பின்னல் ஜடை மாதிரி ஒன்றோடொன்று கலந்து, கைக்குள் இறங்குகின்றன. இதற்கு பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்று பெயர். பிரசவத்தில் தலைக்கும் தோளுக்கும் இடையே இழுவை அதிகமானால் இந்தப் பின்னல் நீளும், சில சமயம் கிழியும், மோசமான கேஸ்களில் வேர் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு இப்படி ஆகிறது. பெரும்பாலானவை தானாகவே சரியாகிவிடுகின்றன.

இங்கிலாந்தில் பிரசவ வைத்தியத்தைப் பெரிய படிப்பாக மாற்றிய வில்லியம் ஸ்மெல்லி, இரண்டு கையும் விளங்காமல் பிறந்து சில நாளில் சரியான ஒரு குழந்தையைப் பற்றி எழுதியிருக்கிறார். அது 1760களில் வந்த புத்தகம். 1872-ல் பிரான்ஸின் டுஷேன் நான்கு குழந்தைகளை விவரித்து, இது பிரசவத்தில் வரும் நரம்புக் காயம் என்று சொன்னார். 1874-ல் ஜெர்மனியின் எர்ப், மேல் வேர்கள் இரண்டும் அடிபட்டால் தோளும் முழங்கையும் எப்படிச் செயலிழக்கும் என்று காட்டினார். இன்றைக்கும் டாக்டர்கள் 'எர்ப்ஸ் பால்ஸி' என்று சொல்வது அவர் பேரைத்தான். 1885-ல் கீழ் வேர்கள் அடிபட்டு உள்ளங்கை செயலிழப்பதை விளக்கியவர் அகஸ்டா குளும்ப்கே. பாரிஸ் மருத்துவமனைகளில் பெண்களுக்கு இடமே தராத காலத்தில் போராடி நுழைந்தவர். அவரைப் பற்றித் தனியா ஒரு பதிவு போடலாம்.

1903-ல் கிளாஸ்கோவில் ராபர்ட் கென்னடி என்ற சர்ஜன், கிழிந்த நரம்பின் வடுவை வெட்டி எடுத்து, நல்ல முனைகளை ஒன்றோடொன்று தைத்துப் பார்த்ததாக எழுதினார். அதைப் பார்த்து அமெரிக்காவிலும் சிலர் ஆரம்பித்தார்கள். மைக்ரோஸ்கோப் கிடையாது. தலைமுடி கனத்துக்கு நூல் கிடையாது. ரத்தம் ஏற்றும் வசதி அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது. ஆறு கிலோ குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே அரை லிட்டருக்கும் குறைவு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1925-ல் பாஸ்டனின் ஜேம்ஸ் சீவர் 1100 குழந்தைகளின் கேஸ்களைத் திரட்டி, நரம்பைத் தைப்பதால் பெரிய லாபம் இல்லை என்று எழுதினார். அத்தோடு இந்த ஆபரேஷனுக்குக் கிட்டத்தட்ட ஐம்பது வருஷத் தூக்கம். பின்னாளில் தசையை இடம் மாற்றுவது, எலும்பைத் திருப்புவது என்று ஒட்டுப்போடும் வைத்தியம்தான் நடந்தது.

தூங்க வைக்கிற கதை

இப்ப அந்தப் பக்கம் போவோம். 1846 அக்டோபர் 16, பாஸ்டன். மோர்ட்டன் ஈதர் கொடுத்து வலியில்லாமல் ஆபரேஷன் நடத்திக் காட்டினார். அடுத்த வருஷம் நவம்பரில் எடின்பரோவில் சிம்ப்ஸன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். உலகமே கொண்டாடியது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1848 ஜனவரி 28-ம் தேதி, நியூகாசில் பக்கத்தில், கால் நகம் எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் முகர்ந்த ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் அங்கேயே இறந்துபோனாள். பாட்டியின் முதல் கேள்வி அன்றைக்கே பிறந்துவிட்டது.

ஜான் ஸ்நோவைப் பலருக்குத் தெரியும். லண்டனில் 1854-ல் காலராவைத் தண்ணீர்க் குழாயில் கண்டுபிடித்தவர். அவருடைய நிஜத் தொழில் மயக்க மருந்து கொடுப்பது. கைக்குழந்தைகளுக்கும் நிறையக் கொடுத்திருக்கிறார். குழந்தைகள் சீக்கிரம் மயங்குகின்றன, சீக்கிரம் தெளிகின்றன என்று கவனித்து எழுதியிருக்கிறார். ஆக, 1850களிலேயே கவனமான ஒரு ஆள், குழந்தைக்கும் மயக்கம் வேண்டும், கொடுக்கவும் முடியும் என்று நடத்திக் காட்டிவிட்டார்.

ஆனால் ஸ்நோவின் கவனம் எல்லாருக்கும் இல்லை. குழந்தை என்பது சின்ன சைஸ் பெரியவர் இல்லை. தலை பெரிசு, நாக்கு பெரிசு, மூச்சுக்குழல் பென்சில் கனம்கூட இல்லை. எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களைப் போல இரண்டு மடங்கு ஆக்ஸிஜன் செலவழிக்கும். மூச்சு நின்றால் சில நொடிகளில் நீலம் பாரிக்கும். பெரியவர்களுக்குச் செய்த வால்வு வைத்த மெஷினை எதிர்த்து மூச்சுவிட அதற்குத் தெம்பும் கிடையாது.

இதற்கு வழி சொன்னவர் நியூகாசிலைச் சேர்ந்த பிலிப் அயர். 1937-ல் வால்வே இல்லாத, 'ட' எழுத்து மாதிரிகூட இல்லை, ஆங்கில 'டி' மாதிரி ஒரு சின்னக் குழாயைச் செய்தார். ஒரு பக்கம் வாயு வரும், ஒரு பக்கம் குழந்தை, ஒரு பக்கம் திறந்த வெளி. அவ்வளவுதான், ஓட்டல் பைப் சாமான் மாதிரி எளிமை. எந்தக் குழந்தைகளுக்காக? உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த குழந்தைகளுக்காக. அயரே அப்படிப் பிறந்தவர்தான். 1950-ல் லிவர்பூலின் ஜாக்ஸன் ரீஸ் அதே குழாயில் வால் திறந்த ஒரு பையைச் சேர்த்தார். அதைக் கையால் அழுத்தி, குழந்தைக்காக டாக்டரே மூச்சுவிடலாம். இந்தப் பை இன்றைக்கும் பல ஆபரேஷன் தியேட்டர்களில் தொங்குகிறது.

இது வரைக்கும் கதை சுபம். இனிமேதான் வில்லன்.

அசைய விடாத மருந்து

தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பு முனையில் தடவிய விஷம் கியூராரே. தசைகளை வேலை நிறுத்தம் செய்யவைக்கும். 1942-ல் மான்ட்ரியாலில் ஹெரால்ட் கிரிஃபித் இதை ஆபரேஷனில் பயன்படுத்தினார். சர்ஜன்களுக்குக் கொண்டாட்டம். நோயாளி அசையமாட்டார், வயிறு வெண்ணெய் மாதிரி இளகிக் கிடக்கும், மயக்க மருந்தைக் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும். ரீஸ் இருந்த லிவர்பூல் இந்த முறைக்குத் தலைநகரம் ஆனது.

ஆனால் கியூராரே தூக்கமும் தராது, வலியையும் போக்காது. சந்தேகம் இருந்தவர்களுக்காக அமெரிக்காவின் யூட்டாவில் ஸ்காட் ஸ்மித் என்ற மயக்க மருந்து டாக்டர் தன் உடம்பிலேயே ஒரு சோதனை நடத்தினார். மூச்சுத் தசைகளே நின்றுபோகும் அளவைத் தாண்டி மருந்தை ஏற்றிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்கள் அவருக்காக மூச்சுக் கொடுத்தார்கள். கண் இமைகூட அசைக்க முடியாத அந்த நிலையிலும் எல்லாம் கேட்டது, எல்லாம் புரிந்தது, எல்லாம் வலித்தது. 1947-ல் அதை வெளியிட்டார்கள்.

இது பெரியவர்களுக்குப் புரிந்துவிட்டது. குழந்தைகள் விஷயத்தில்தான் புரியவில்லை.

ஏன்? பச்சைக் குழந்தையின் நரம்புகளுக்கு மேலுறை முழுசாக வந்திருக்காது. மூளை முற்றியிருக்காது. அதனால் வலி 'பதியாது' என்று ஒரு கருத்து வேரூன்றி இருந்தது. 1941-ல் நியூயார்க்கின் மிர்ட்டில் மெக்ரா, குழந்தைகளை ஊசி முனையால் குத்தி எதிர்வினையைக் குறித்துவைத்தார். பிறந்த சில நாட்களில் எதிர்வினை கம்மியாகத் தெரிந்தது. கம்மியாகத் தெரிந்ததை, கம்மியாக உணர்கிறது என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு பக்கம், குறைமாதக் குழந்தைக்குப் பலமான வலி மருந்து கொடுத்தால் மூச்சு நின்றுவிடும், ரத்த அழுத்தம் விழுந்துவிடும் என்ற நிஜமான பயம். ஒரு பயமும் ஒரு வசதியான நம்பிக்கையும் சேர்ந்தால் என்ன ஆகும்? 1980கள் வரைக்கும் பல பெரிய மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு, அசைய விடாத மருந்தும் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்ஸைடும், சில சமயம் அதுவும் இல்லாமல், ஆபரேஷன் நடந்தது.

இதையெல்லாம் செய்தவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. அதுதான் எனக்கு உறுத்துது. குழந்தை பிழைக்க வேண்டும் என்று ராத்திரி பகலாக உழைத்தவர்கள். மேசையில் கிடந்த குழந்தை அசையவில்லை. அழவில்லை. அதனால் வலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். அழுவதற்கான தசையை அவர்களேதான் கட்டிப்போட்டிருந்தார்கள்.

ஒரு தாயும் ஒரு மாணவரும்

1985-ல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஒரு குறைமாதக் குழந்தைக்கு இதயத்துக்குப் பக்கத்தில் ரத்தக்குழாய் ஆபரேஷன். சில வாரத்தில் குழந்தை இறந்துபோனது. அதன் பிறகு ஆஸ்பத்திரி ரெக்கார்டை வாங்கிப் பார்த்த தாய்க்கு அதிர்ச்சி. ஆபரேஷன் நேரத்தில் கொடுத்தது அசைய விடாத மருந்து மட்டும்தான். இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு வலி இருப்பதாக நிரூபிக்கப்படவில்லை என்று பதில் வந்தது. அவர் விடவில்லை. கடிதம் மேல் கடிதம். 1986-ல் பத்திரிகையில் வந்தது. நாடே பேசியது.

அதே வருஷங்களில் அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம், ஆக்ஸ்ஃபோர்டில், இந்தூரில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு வந்த ஒரு சர்தார்ஜி இளைஞர். கன்வல்ஜீத் சிங் ஆனந்த். பச்சிளம் குழந்தை வார்டில் வேலை. ஆபரேஷனுக்குப் போகும்போது ஓரளவு நன்றாக இருந்த குழந்தைகள், திரும்பி வரும்போது வெளுத்துப்போய், ஒடுங்கிப்போய் வருவதைக் கவனித்தார். தியேட்டருக்குள் என்னதான் நடக்கிறது என்று விசாரித்தார். பதில் உங்களுக்குத் தெரியும்.

ஆனந்த் வாதம் செய்யவில்லை. அளந்தார். குழந்தையால் 'வலிக்குது'ன்னு சொல்ல முடியாது, ரத்தம் சொல்லும். உடம்பு ஆபத்தில் இருந்தால் அட்ரினலின் ஏறும், சர்க்கரை ஏறும், உடம்பு தன்னைத்தானே தின்ன ஆரம்பிக்கும். குறைமாதக் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். எல்லாருக்கும் அன்றைய வழக்கப்படி நைட்ரஸ் ஆக்ஸைடும் கியூராரேயும். ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதலாக ஃபென்டனில் என்ற வலி மருந்து. ஃபென்டனில் இல்லாத குழந்தைகளின் ரத்தத்தில் புயலே அடித்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கல்களும் அவர்களுக்குத்தான் அதிகம். 1987 ஜனவரியில் லான்செட் பத்திரிகையில் இது வெளியானது. மொத்தம் 16 குழந்தைகள், அவ்வளவுதான். நூறு வருஷ நம்பிக்கையை உடைக்க அது போதுமாக இருந்தது.

பயந்தது என்னவோ, வலி மருந்து கொடுத்தால் குழந்தை தாங்காது என்று. கடைசியில் தெரிந்தது, கொடுக்காவிட்டால்தான் தாங்கவில்லை என்று!

அதே 1987-ல், சின்னக் குழந்தை என்ற ஒரே காரணத்துக்காக மயக்க மருந்தை மறுப்பது சரியல்ல என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அறிவித்தது. 1987! சத்தியமா சொல்றேன், நான் 1887-ன்னு தப்பாப் படிச்சுட்டேனோன்னு திரும்பப் போய்ப் பார்த்தேன். இதைப் படிக்கிற உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பீர்கள்.

கண்ணாமூச்சி ஆட முடியாத ஆபரேஷன்

இப்ப கைக்குத் திரும்புவோம். நரம்பு ஆபரேஷனைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது மைக்ரோஸ்கோப். வியன்னாவின் ஹான்னோ மில்லெசி, கிழிந்த நரம்பை இழுத்துப் பிடித்துத் தைப்பதற்குப் பதில், நடுவில் வேறொரு நரம்புத் துண்டை வைத்து ஒட்டுப்போடலாம் என்று காட்டினார். 1970களின் பிற்பகுதியில் பாரிஸில் அலென் கில்பெர் இதைக் கைக்குழந்தைகளுக்குச் செய்ய ஆரம்பித்தார். அவரோடு இருந்த டாசின், 1983-ல் ஒரு கணக்குச் சொன்னார்: மூன்று மாதத்துக்குள் முழங்கையை மடக்கும் தசை உயிர் பெறாவிட்டால், முழுசாகத் தேறாது. என் நண்பனிடம் டாக்டர்கள் 'மூணு மாசம்' என்று சொன்னது இந்தக் கணக்குதான். சில இடங்களில் ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று பொறுப்பவர்களும் உண்டு.

ஒட்டுக்கு நரம்பு எங்கே கிடைக்கும்? கெண்டைக்காலுக்குப் பின்னால் ஓடும் உணர்ச்சி நரம்பிலிருந்து. பாதத்தின் ஓரத்தில் கொஞ்சம் மரத்துப்போகும், நடக்கப் பாதிப்பில்லை. ஆக, கழுத்தில் ஒரு வெட்டு, காலில் ஒரு வெட்டு, நடுவில் மைக்ரோஸ்கோப்பில் மணிக்கணக்காகத் தையல். காலையில் உள்ளே போனால் சாயங்காலம் ஆகும்.

இங்கேதான் எனக்கு ஆச்சரியமான ஒரு விஷயம் கிடைத்தது. இந்த ஆபரேஷனில் சர்ஜன் அடிக்கடி ஒரு சின்ன மின்முனையை நரம்பில் தொட்டுப் பார்ப்பார். தசை துடித்தால் அந்த நரம்பு உயிரோடு இருக்கிறது, வெட்டக்கூடாது. துடிக்காவிட்டால் வடு, வெட்டலாம். அசைய விடாத மருந்து உடம்பில் இருந்தால் நல்ல நரம்பும் செத்த நரம்பு மாதிரியே தெரியும். அதனால் ஆரம்பத்தில் தொண்டையில் குழாய் போடக் கொஞ்சம் கொடுத்தாலும், சோதிக்கும் நேரத்துக்குள் அது இறங்கியிருக்க வேண்டும்.

அப்ப குழந்தையை எப்படி அசையாமல் வைப்பது? ஒரே வழிதான். நிஜமாகவே ஆழமாகத் தூங்கவைத்து, நிஜமாகவே வலியை எடுக்க வேண்டும். செவோஃப்ளூரேன் மாதிரி வாயு, கூடவே ஃபென்டனில் வகை மருந்துகள். மருந்து போதாவிட்டால் கை அசையும், உடனே தெரிந்துவிடும். எந்த மருந்தைப் போட்டுக் குழந்தையின் வலியை நாற்பது வருஷம் மறைத்தார்களோ, அந்த மருந்துக்கு இந்த ஆபரேஷனில் இடமில்லை. கழுத்து நரம்பில் மரப்பு ஊசி போடலாமே என்றால் அதுவும் ஆகாது. சோதிக்க வேண்டிய நரம்பே அதுதான்.

தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் மயக்க மருந்து டாக்டரின் வேலையைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. குழந்தையின் தலை ஒரு பக்கம் திருப்பி வைத்திருக்கும். கழுத்து முழுக்க சர்ஜன் கை. காலும் துணிக்குள். ஊசி போட மிச்சம் இருப்பது அடிபடாத கையும், ஒட்டுக்கு எடுக்காத காலும்தான். தொண்டைக் குழாய் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் ஆபத்து. ஏசி அறையில் சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துபோகும், அதனால் சூடான காற்று மெத்தை. இப்படி ஏழெட்டு மணி நேரம். சர்ஜன் பேர் பேப்பரில் வரும். இவர் பேரை யாரும் கேட்பதுகூட இல்லை.

ஸ்கேன் மட்டும் வேற கணக்கு

சரி, எம்ஆர்ஐக்கு எதுக்கு மயக்கம்? அது வலிக்கவே வலிக்காதே?

வேர் பிடுங்கிக்கொண்டதா, வழியில் கிழிந்ததா என்று ஆபரேஷனுக்கு முன்னால் தெரிந்தால் சர்ஜனுக்கு உபகாரம். எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது. முன்பெல்லாம் முதுகில் ஊசி போட்டுச் சாயம் ஏற்றிப் படம் எடுத்தார்கள். பிடுங்கிய இடத்தில் தண்டுவட நீர் பலூன் மாதிரி கசிந்து நிற்பது தெரியும். அதற்கு மயக்கம் கட்டாயம். 1980களில் எம்ஆர்ஐ வந்த பிறகு முதுகு ஊசி தேவையில்லாமல் போனது. ஆனால் குழந்தை அரைமணி, முக்கால்மணி நேரம் ஆடாமல் கிடக்க வேண்டும், காதைப் பிளக்கும் சத்தத்துக்குள்ளே. போதாததற்கு அறை முழுக்கக் காந்தம். சாதாரண மயக்க மெஷினை உள்ளே கொண்டுபோக முடியாது. 2001-ல் நியூயார்க் அருகே இரும்பு ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்றை யாரோ உள்ளே கொண்டுபோக, காந்தம் அதை இழுத்து, ஸ்கேனில் படுத்திருந்த ஆறு வயதுப் பையன் இறந்துபோனான். அதற்குப் பிறகு விதிகள் ரொம்பக் கடுமை.

ஆக, ஸ்கேனுக்கு வேண்டியது அசையாமை மட்டும். வலி நீக்கம் வேண்டாம். ஆபரேஷனுக்கு வேண்டியது முதலில் வலி நீக்கம், அசையாமை அதன் பின்னாலேயே வந்துவிடும். இரண்டும் வேற வேற. நாற்பது வருஷம் நடந்த தப்பு இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்ததுதான்.

அசையாமை மட்டும் போதும் என்றால் மருந்தில்லாமலும் வழி இருக்கிறது. வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் இறுக்கமாகச் சுற்றி, காதை அடைத்து, தூங்கினதும் உள்ளே தள்ளுவது! மூணு, நாலு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளிடம் நிறைய நேரம் இது பலிக்கிறது. இதைச் சொன்னதும் பாட்டிக்கு ஒரே பெருமை. "இதைத்தானே நாங்க காலங்காலமா பண்றோம், இதுக்கு வெள்ளக்காரன் வந்து சொல்லணுமா?" :-)

இதே முறையில் ஆக்ஸ்ஃபோர்டில் 2015-ல் இன்னொரு ஆராய்ச்சி நடந்தது. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத 10 குழந்தைகளை மருந்தில்லாமல் தூங்கவைத்து எம்ஆர்ஐக்குள் அனுப்பினார்கள். பாதத்தில் பென்சில் முனை அளவுக்கு லேசாகக் குத்தினார்கள். அதே குத்து பெரியவர்களுக்கும். பெரியவர்களின் மூளையில் வலிக்கு விழித்த 20 இடங்களில் 18 இடங்கள் குழந்தைகளின் மூளையிலும் விழித்தன. மெக்ராவின் ஊசியிலிருந்து இங்கே வந்து சேர 74 வருஷம்.

இன்றைய பயம்

கதை இங்கே முடிந்திருந்தால் நல்லா இருக்கும். முடியலை. 1999-லும் 2003-லும் எலிக்குட்டிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளில், வளரும் மூளையில் மயக்க மருந்துகள் செல்களைச் சாகடிப்பதாகத் தெரிந்தது. மறுபடியும் பயம். 2016 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்டிஏ ஓர் எச்சரிக்கை விட்டது: மூன்று வயதுக்குக் கீழே, மூன்று மணி நேரத்துக்கு மேலே, அல்லது பல தடவை மயக்கம் கொடுப்பது மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம். பாட்டி கேட்ட 'ரெண்டு தடவையா?' சும்மா கேட்ட கேள்வி இல்லை பாருங்க.

2019-ல் ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு வந்தது. ஏழு நாட்டில் 722 குழந்தைகள். குடலிறக்க ஆபரேஷனுக்குப் பாதிப் பேருக்குப் பொது மயக்கம், பாதிப் பேருக்கு முதுகில் மரப்பு ஊசி. ஐந்து வயதில் அறிவுத்திறனைச் சோதித்தால் இரண்டு குழுவும் ஒன்றுதான். நிம்மதி. ஆனால் அங்கே மயக்கம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஏழெட்டு மணி நேரத்துக்கு அந்தப் பதிலை அப்படியே நீட்ட முடியாது.

இன்னொரு பக்கம் கடிகாரம் ஓடுகிறது. நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். கழுத்திலிருந்து புஜத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் என்று வைத்தாலும் நாலு மாதம். நரம்பு வந்து சேர்வதற்குள் தசை காத்திருந்து காத்திருந்து கொழுப்பாகிவிட்டால், அப்புறம் எந்த மைக்ரோஸ்கோப்பாலும் பிரயோஜனமில்லை. மூணு வயசு வரைக்கும் பொறுக்கலாம் என்பது இங்கே ஒரு வழியே இல்லை. அவசியமான ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம் என்று எஃப்டிஏவும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. செய்யக்கூடியது, தேவையில்லாத ஒரு மயக்கத்தைக் குறைப்பது. ஸ்கேனைப் பால் கொடுத்துத் துணி சுற்றி எடுக்க முடியுமா, அந்த ஸ்கேன் கண்டிப்பாக வேண்டுமா என்று கேட்பது. இதை நான் நண்பனிடம் சொன்னேன், அவன் டாக்டரிடம் கேட்டான். "முயற்சி பண்ணிப் பார்க்கலாம்" என்றார்கள்.

முதல் தடவை பலிக்கலை. குழந்தைக்கு நாலு மாசம் தாண்டிடுச்சு, மெஷின் சத்தத்தில் முழிச்சுக்கிட்டு ஒரே அழுகை. கடைசியில் மருந்து கொடுத்துத்தான் எடுத்தாங்க. எல்லாக் கதையும் நாம நினைச்ச மாதிரியா முடியுது?

ஆபரேஷன் அன்னிக்கு நானும் போயிருந்தேன். உள்ளே கொண்டுபோறதுக்கு முன்னாடி மயக்க மருந்து டாக்டர் வெளியே வந்தாங்க. நாற்பது வயசு இருக்கும். எதைப் பத்தியும் கேட்காத பாட்டி எழுந்து நின்னு அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அதையே கேட்டாங்க. "கொழந்தைக்கு வலிக்காதுல்ல தாயி?"

"வலிக்காதும்மா. முழுக்க நான் பக்கத்துலயேதான் இருப்பேன்."

சாதாரணமா சொல்லிட்டு உள்ளே போயிட்டாங்க. எனக்குத்தான் அந்த வாஷிங்டன் தாய் ஞாபகம் வந்துடுச்சு. அவங்களுக்கும் இதே கேள்வி இருந்திருக்கும். கேட்கத் தோணியிருக்காது. வலிக்கத்தான் வலிக்காதேன்னு நாம எல்லாரும் நம்பிக்கிட்டு வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் அவங்களும் உட்கார்ந்திருப்பாங்க. அந்த ஒரு வரி பதில் நிஜமாக மாறுவதற்கு அயரின் குழாயும், ஸ்மித்தின் கிறுக்குத்தனமான தைரியமும், ஆனந்தின் 16 குழந்தைகளும், ஒரு தாயின் கடிதங்களும் வேண்டியிருந்தது.

கனடாவில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஒரு பரீட்சை வைத்திருக்கிறார்கள். மேல்கையை உடம்போடு லேசாகப் பிடித்துக்கொண்டு, கையில் ஒரு பிஸ்கட் கொடுப்பார்கள். தலையை ரொம்பக் குனியாமல் வாய்க்குக் கொண்டுபோனால் பாஸ். நண்பன் வீட்டுல இப்ப தினமும் இந்தப் பரீட்சை நடக்குது. இன்னும் பாஸாகலை. போன வாரம் பிஸ்கட் பாதி தூரம் வந்துச்சாம். ராத்திரி பதினோரு மணிக்குத்தான் போன் பண்ணிச் சொன்னான்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வெறும் வரலாற்றுக் கிறுக்கன். இந்தப் பதிவைக் காட்டி யாரும் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீங்க, அவசரப்படுத்தவும் செய்யாதீங்க. உங்க குழந்தையோட டாக்டர்கிட்டயும், முக்கியமா மயக்க மருந்து டாக்டர்கிட்டயும் உட்கார்ந்து பேசுங்க. பேர் கேட்டு வெச்சுக்கோங்க. அவங்க பேரை யாராவது கேட்கணும் இல்லையா?